முகம் உண்டு, பெயர் இல்லை: சோல்வின்ஸின் படங்களும் நம் கையிலுள்ள கேமராவும்

எப்போதும்வென்றானில் எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு களம் இருக்கிறது. மாசி, பங்குனியில் அந்தக் களம் முழுக்க மிளகாய் வத்தல் சிவந்து கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். வத்தலைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு நின்றார். நல்ல வெயில், நல்ல படம். நான் அப்போது வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அது முழுப்பக்கத்தில் வந்தது.

அறிக்கையின் ஒரு பிரதியைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பேத்தியைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே இருப்பதை வாசிக்கச் சொன்னார். பேத்தி வாசித்தாள்: "கரிசல் பகுதியில் மிளகாய் காயவைக்கும் தலித் பெண்."

பாட்டி என்னைப் பார்த்தார். "ஏ தாயி, எம்பேரு எங்க?"

எனக்குப் பதில் இல்லை. அடுத்த பக்கத்தில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெரிய சம்சாரியின் படம் இருந்தது. அவருக்குக் கீழே அவர் பெயரும், ஊரும், 'முன்னோடி விவசாயி' என்ற பட்டமும் இருந்தன. அவருடைய சாதி அச்சிடப்படவில்லை. பாட்டியின் பெயர் அச்சிடப்படவில்லை. இரண்டு வரிகளையும் எழுதியவள் நான்தான்.

இந்தக் கட்டுரை 230 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஐரோப்பிய ஓவியரைப் பற்றியது. பாட்டியின் கேள்வி என்னைக் கடைசியில் அவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

ஃபிரான்ஸ் பால்தஸார் சோல்வின்ஸ் 1760இல் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுக நகரத்தில் பிறந்தார். வணிகக் குடும்பம். கப்பல்களையும் துறைமுகங்களையும் வரைவதில் பயிற்சி பெற்றவர். 1790இல் கப்பலேறி 1791இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைநகரம் அது. ஆங்கிலேயப் பெரிய மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து செல்வம் சேர்க்க ஓவியர்கள் வந்து குவிந்த நகரம்.

சோல்வின்ஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் ஆங்கிலேயர் அல்லர், பெயர் பெற்ற ஓவியரும் அல்லர். கோச்சு வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வர்ணம் பூசினார். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து கொடுத்தார். ஓவியம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளையர் சமூகத்தின் உள்வட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் கண் தெருவின் பக்கம் திரும்பியது.

1794இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள், உடைகள், தொழில்கள் ஆகியவற்றைக் காட்டும் 250 வண்ணப் படங்களை அச்சிடப் போவதாகவும், விரும்புவோர் முன்பணம் கட்டலாம் என்றும் சொன்னது அந்த அறிவிப்பு.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஆளை நேரில் பார்த்து வரைவார். பிறகு செப்புத் தகட்டின் மீது மெழுகுபோன்ற பூச்சைத் தடவி, அதன்மேல் ஊசியால் கீறிப் படத்தை இழைப்பார். தகட்டை அமிலத்தில் இட்டால், ஊசி கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு ஏறும். அதற்குமேல் கையால் வர்ணம் பூச வேண்டும். ஒரு படத்துக்கு இவ்வளவு பாடு என்றால், 250 படங்களுக்கு எவ்வளவு! 1796இல் தொடங்கி, 1799இல் தொகுப்பு முழுமையாக வெளிவந்தது.

தொகுப்பு விற்கவில்லை. வர்ணம் மங்கலாக இருக்கிறது, வேலைப்பாடு கரடுமுரடாக இருக்கிறது, எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கிறது என்று வாங்குவோர் குறைப்பட்டார்கள். அவர்கள் தேடியது அழகான இந்தியா. சோல்வின்ஸ் கொடுத்ததோ வேலை செய்யும் இந்தியா.

1803இல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். வழியில் ஸ்பெயின் கரையோரம் கப்பல் உடைந்தது. உடைமைகள் போயின, வரைந்த தாள்கள் பிழைத்தன. அவர் ஊர் போய்ச் சேர்ந்த காலத்தில், லண்டனில் எட்வர்ட் ஆர்ம் என்ற பதிப்பாளர் சோல்வின்ஸின் படங்களில் அறுபதை எடுத்து, மெருகேற்றி, பளிச்சென்ற வர்ணத்தில் தன் பதிப்பாக வெளியிட்டார். அது நன்றாக விற்றது. சோல்வின்ஸுக்கு ஒரு காசும் வரவில்லை.

அவர் விடவில்லை. மனைவி மேரி ஆன் கிரீன்வுட்டின் குடும்பப் பணத்தைக் கொண்டு, பாரிசில் 288 தகடுகளைப் புதிதாகச் செதுக்கினார். 'இந்துக்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பில், 1808க்கும் 1812க்கும் இடையில் 4 பெரிய தொகுதிகள் வெளிவந்தன. நெப்போலியன் போர்க் காலம் அது. இவ்வளவு விலை கொடுத்துப் புத்தகம் வாங்க ஆள் இல்லை. அதுவும் நட்டத்தில் முடிந்தது. பிறகு சொந்த ஊருக்குத் திரும்பித் துறைமுகத் தலைவராக வேலை பார்த்து 1824இல் இறந்தார். இந்தியாவை வரைய வந்தவர், எந்தத் துறைமுகத்தில் வரையக் கற்றாரோ அங்கேயே வந்து ஓய்ந்தார்.

வரிசை எங்கிருந்து வந்தது?

கல்கத்தாத் தொகுப்பு 12 பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் 66 படங்கள். தலைப்பு, இந்துச் சாதிகளும் அவற்றின் தொழில்களும். அடுத்த பகுதியில் 35 வகை வேலைக்காரர்கள். அதன்பிறகு உடைகள், வண்டிகள், பல்லக்குகள், படகுகள், புகைபிடிக்கும் முறைகள், பக்கிரிகள், 36 இசைக்கருவிகள், திருவிழாக்கள்.

முதல் பகுதி பிராமணரில் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறது. மூங்கில் பின்னுவோர், தோல் வேலை செய்வோர், துப்புரவு செய்வோர் எல்லாம் அடிப்படிகளில் இருக்கிறார்கள். ஓர் ஐரோப்பியர் வங்காளச் சாதிகளை இப்படி முழு ஏணியாக அடுக்கிக் காட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று.

தெருவில் அந்த வரிசை கிடையாது. கல்கத்தாச் சந்தையில் நின்று பார்த்தால் தயிர்க்காரர், தச்சர், கூடை முடைபவர், மீன் விற்பவர் எல்லாரும் கலந்துதான் தெரிவார்கள். யார் முதல், யார் கடைசி என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளில்லை. யாரோ சொல்லித்தான் தெரியவரும். யார் சொல்லியிருப்பார்கள்? சோல்வின்ஸ் தன் அறிவிப்பை வெளியிட்ட அதே 1794ஆம் ஆண்டில், அதே கல்கத்தாவில், வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மனுதர்மம் அச்சேறியது என்பதை இந்த இடத்தில் சேர்த்துப் படியுங்கள். சாதி என்றால் என்ன என்று கம்பெனிக்காரர்கள் அன்று கேட்டது பண்டிதர்களிடம். கூடை முடைபவரிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், தோழர்களே. சாதியை உருவாக்கியதே வெள்ளைக்காரன்தான் என்று இப்போது கல்லூரிக் கருத்தரங்குகளில்கூடப் பேசுகிறார்கள். சோல்வின்ஸ் கப்பலை விட்டு இறங்கியபோது கிணறு பிரிந்திருந்தது, சுடுகாடு பிரிந்திருந்தது. கப்பலில் வந்தவர் ஏணியைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த ஏணியை, அதன் உச்சியில் நின்றவர்கள் சொன்னபடி செப்புத் தகட்டில் பதித்தார். அச்சில் ஏறியதும் அதற்கு இன்னொரு பலம் வந்தது. ஊருக்கு ஊர் மாறும் வழக்கம், படமும் எண்ணும் போட்ட பட்டியலாக இறுகியது.

மேலே போகப் போக மரியாதை, கீழே வர வர இழிவு என்று சாதியின் அமைப்பை அம்பேத்கர் விளக்கினார். படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்பது அதுதான். சோல்வின்ஸின் முதல் பகுதியை முதல் படத்திலிருந்து அறுபத்தாறாவது படம் வரை புரட்டினால், அம்பேத்கர் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

வரிசை சொல்லாததைக் கை சொல்கிறது

ஆனால் ஏணியோடு அவரை ஒதுக்கிவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

அதே காலத்தில் இந்தியாவைச் சுற்றிய தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792-93இல் நம் திருநெல்வேலிச் சீமைக்கே வந்தார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். 144 படங்கள் கொண்ட அவர்களுடைய தொகுப்பு ஐரோப்பாவில் கொண்டாடப்பட்டது. அவற்றில் பெரும்பாலான படங்களில் மனிதர்கள் எறும்பு அளவுக்குத்தான் இருப்பார்கள். கோபுரம் எவ்வளவு உயரம், பாறை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்கு நிறுத்திவைத்த அளவுகோல்கள் அவர்கள்.

சோல்வின்ஸின் படத்தில் மனிதர்தான் பெரிது. தலை முதல் கால் வரை தெரிகிறார். கையில் கருவி இருக்கிறது. பின்னால் அந்தத் தொழில் நடக்கும் இடம் தெரிகிறது. பிராமணருக்குக் கொடுத்த தாளின் அளவுதான் துப்புரவுத் தொழிலாளிக்கும். ஏணியில் எந்தப் படியில் இருந்தாலும் ஒருவருக்கு ஒரு முழுப் படம். வரிசைப்படுத்திய அவருடைய மூளை ஏற்றத்தாழ்வைக் கேட்டு எழுதியது. வரைந்த அவருடைய கை எல்லாரையும் ஒரே அக்கறையோடு பார்த்தது. இந்த முரண்பாடுதான் சோல்வின்ஸை நாம் படிப்பதற்கான காரணம்.

இசைக்கருவிகள் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தனியாக வரையாமல், வாசிப்பவரோடு சேர்த்தே வரைந்தார். வீணை, தம்பூரா மட்டும் இல்லை; வங்காளத்தின் தாக், டோல் மேளங்களும் இருக்கின்றன. துர்கா பூஜை இன்றும் தாக் ஒலி இல்லாமல் நடக்காது. அதை அடிப்பவர்கள் பெரும்பாலும் தோல் வேலையோடு பிணைக்கப்பட்ட தலித் சாதியினர். மேளம் சாமிக்கு வேண்டும், மேளக்காரர் சாமிக்கு அருகில் வரக்கூடாது. பறையைப் பற்றி நாம் பேசும் அதே கதை அங்கேயும் உண்டு. இசைத்தவர்கள் இவர்கள் என்பதற்கு 1799இலேயே அச்சில் ஏறிய சாட்சி அந்தப் படங்கள்.

இத்தனை இருந்தும், அவர் வரைந்த தொழிலாளர்கள் யாருக்கும் பெயர் இல்லை. படத்துக்குக் கீழே இருப்பது சாதிப்பெயர் அல்லது தொழில்பெயர். எவ்வளவு நேரம் எதிரே நின்றிருப்பார்கள்! 'உன் பேர் என்ன' என்பது ஒரு கேள்விதான். அதைக் கேட்டிருந்தாலும் அச்சில் ஏற்றத் தோன்றவில்லை.

மதுரையின் 72 'மாதிரிகள்'

இது வங்காளத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1837இல் மதுரையில் உள்ளூர் ஓவியத்தில் ஒரு தொகுப்பு உருவானது. அமெரிக்க மிஷனரி டேனியல் புவர் அதைத் தன் நண்பர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மதுரை வட்டாரத்து ஆண்களும் பெண்களும் அழகான வண்ணத்தில் நிற்கிறார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்'. பூச்சிகளையும் இலைகளையும் சேகரித்துக் குத்திவைப்பவர்கள் பயன்படுத்தும் சொல் அந்த 'மாதிரி'.

அதற்குப் பிறகு செப்புத் தகட்டின் இடத்துக்குக் கேமரா வந்தது. 1857 எழுச்சியில் அரண்டுபோன அரசு, யாரை ஆள்கிறோம் என்று அறிய விரும்பியது. 'இந்திய மக்கள்' என்ற பொருளில் தலைப்பிட்ட 8 தொகுதிப் புகைப்பட நூல் 1868க்கும் 1875க்கும் இடையில் வெளிவந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளை உயர்வு தாழ்வு வரிசையில் அடுக்கவே முனைந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியின் உதவியோடு அவர் எழுதிய, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய 7 தொகுதிகள் 1909இல் வந்தன. ஓவியரிடம் தொடங்கியது அளவுகோலில் வந்து முடிந்தது.

சோல்வின்ஸின் தொகுப்பு முழுமையடைந்த அதே 1799ஆம் ஆண்டில்தான் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் உயிர்விட்ட கவர்னகிரி சுந்தரலிங்கனாரை நம் மாவட்டத்தில் தெரியாத பிள்ளை கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. இன்று நாம் பார்க்கும் சிலைகளெல்லாம் பிற்காலத்துச் சிற்பிகளின் கற்பனை. மக்கள் வாய்வழியாகப் பெயரைக் காப்பாற்றினார்கள், முகம் தொலைந்துபோனது. சோல்வின்ஸின் தாளில் இருப்பவர்களுக்கு முகம் கிடைத்தது, பெயர் தொலைந்துபோனது. எளிய மக்களுக்கு வரலாறு இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததே இல்லை. சேர்த்துக் கொடுக்கும் வேலை நம்முடையது.

தலைப்பை யார் எழுதுவது?

அடுத்தவர் எழுதிய தலைப்பை நம் மக்கள் சும்மா ஏற்றுக்கொண்டதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். இழிவாகச் சொன்ன சொல்லைத் தன் கையால் எழுதித் தன் பத்திரிகையின் நெற்றியில் வைத்தார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். சாதிப் பட்டியலில் எந்தப் படி என்ற கேள்விக்கு, நாங்கள் தமிழர் என்பது அவருடைய பதில். இருவரும் செய்தது ஒன்றுதான்: படத்துக்குக் கீழே இருக்கும் வரியை எழுதும் உரிமையைக் கையில் எடுத்தார்கள்.

நம் வட்டாரத்தில் நாடார் சமூகமும் இதற்காகப் போராடியது. 'சாணார்' என்று அரசு ஏடுகளில் எழுதியதை எதிர்த்து நாடார் மகாஜன சங்கம் மனுக் கொடுத்தது. 1921இல் 'நாடார்' என்ற பெயர் கணக்கெடுப்பில் ஏறியது. அந்தப் போராட்ட வரலாற்றை 1969இல் விரிவாக நூலாக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ். ஒட்டுமொத்த உலகமும் மறந்திருந்த சோல்வின்ஸைத் தேடி எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதி, 2004இல் பெருநூலாகக் கொண்டுவந்தவரும் அதே ஹார்ட்கிரேவ்தான். நம் கரிசல் சீமையின் சாதி வரலாற்றைப் படித்த கண், வங்காளத்துப் படங்களிலும் சாதியைப் படித்தது.

நம் கையில் இருக்கும் தகடு

இன்று செப்புத் தகடும் அமிலமும் வேண்டாம். கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறோம், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறோம், விறகுக்கரி மூட்டம் போடும் இடத்துக்குப் போகிறோம். படம் எடுக்கிறோம். பாட்டியின் கேள்விக்குப் பிறகு நான் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். உங்களோடு பகிர்கிறேன்.

பெயரைக் கேளுங்கள். அச்சில் போடலாமா என்றும் கேளுங்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது சட்டம். வழக்கு நடக்கும்போது சாட்சியின் முகம் வெளியே தெரிவது ஆபத்து. அங்கெல்லாம் பெயரை மறைப்பது அவரைக் காப்பது. களத்தில் வத்தல் கிளறும் பெண்ணின் பெயரை விடுவதற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. நமக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சாதியைக் குறிப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதியை மறைத்தால் கொடுமை வெறும் 'இருதரப்பு மோதல்' ஆகிவிடும். குறிப்பிட்டால் இரண்டு பக்கமும் குறிப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சோல்வின்ஸ் நம்மைவிட நேர்மையானவர். அவர் பிராமணருக்குக் கீழேயும் சாதியை எழுதினார். நாமோ தலித் பெண்ணுக்குக் கீழே சாதியையும், நிலக்காரருக்குக் கீழே 'விவசாயி' என்றும் எழுதுகிறோம். சாதி நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதுபோல.

வேலையைப் பாருங்கள். அழுகிற முகம் மட்டுமே படம் என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். வத்தலை எந்தப் பதத்தில் கிளற வேண்டும், எந்தப் பதத்தில் அள்ள வேண்டும் என்ற அறிவு அந்தப் பாட்டியின் காலில் இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை.

எடுத்த படத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சோல்வின்ஸ் வரைந்த கூடைக்காரர் தன் படம் பாரிஸ் வரை போனதை அறிந்திருக்க வழியில்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. படத்தின் கீழே இருக்கும் வரியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால், அந்த வரி தப்பு.

பாட்டியிடம் மறுபடி போனேன். புதிதாக ஒரு பிரதி எடுத்து, அவர் பெயரையும், அவர் அப்பா பெயரையும், பத்து வயதிலிருந்து எந்தெந்தப் பிஞ்சையில் வேலை செய்தார் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அதை உங்களுக்காக எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் எதுக்கு? எங்கிட்ட இருக்கிற பொஸ்தகத்துல இருந்தா போதும்" என்றார்.

அதனால் இங்கே அவர் பெயர் இல்லை. இந்த முறை அது அவருடைய முடிவு.

ஜெய்பீம்.